வரைவின் மீது ஒரு கருத்து

ஐயா,
இணையத்தில் குழந்தைகளையும் பெரியவர்களையும் காக்கும்
உங்கள் வரைவுக் கொள்கையை,
சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகச் சுவருக்கு வெளியே
ஒரு குடை, ஒரு மடிக்கணினி வைத்து
மனு அடித்துப் பிழைக்கும் த. ரேணுகாம்பாள் ஆகிய நான்
முழுக்கப் படித்தேன்.
நாற்பத்தோரு பக்கம். ஆங்கிலம்.
தமிழ் வரும் என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது.
கருத்துச் சொல்லக் கடைசி நாள் வந்துவிட்டது,
தமிழ் வரவில்லை.

பக்கத்துக்குப் பக்கம் 'பயனர்' என்று ஒருவர் வருகிறார்.
திங்கட்கிழமைகளில் அவர் என்னிடம்தான் வருவார்.
சென்ற மாதம் அவர் பெயர் ஏகாம்பரம்,
காட்பாடியில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்ந்தவர்.
கைப்பேசிக்குள் ஒரு காக்கிச்சட்டை உட்கார்ந்துகொண்டு
கைது செய்திருக்கிறோம், எழக்கூடாது என்றதாம்.
எழவில்லை.
ஒண்ணுக்குப் போகவும் அனுமதி கேட்டிருக்கிறார்.
"சிக்னல் இல்லாம ஒரு வண்டிய வுட்டதில்லமா நானு."
முப்பத்தாறு வருசப் பழக்கம்,
அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.
பக்கம் பன்னிரண்டில் விழிப்புணர்வு வேண்டும் என்கிறீர்கள்.
விழித்துக்கொண்டுதான் இருந்தார்,
இரண்டு ராத்திரி.

பக்கம் பத்தொன்பது, வயதைச் சரிபார்த்தல்.
நல்லதுதான்.
என் மகன் நாலாம் வகுப்பிலேயே பதினெட்டு முடிந்தவன்.
கட்டத்தில் டிக் அடித்தது நான்.
மனுக்காரர்கள் நின்றிருந்தார்கள், அவன் அழுதான்,
கட்டம் ரொம்பச் சின்னது.

என் கருத்து இருபத்தேழாம் பக்கத்தைப் பற்றியது.

போன திங்கள்
பேரணாம்பட்டிலிருந்து ஒரு அப்பாவும் பெண்ணும்.
அவர் பெயர் வேண்டாம்.
அவள் பெயர் வேண்டவே வேண்டாம்.
ஷூ கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்,
விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது.
பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த படம்.
கழுத்துக்கு மேல் அவள்.
கழுத்துக்குக் கீழ் யாரோ,
யாரோகூட இல்லை, எந்திரம் வரைந்தது.

சம்பவ இடம்? என்று கேட்டது படிவம்.
ஊர்ப்பெயரைப் போட்டேன், வேறென்ன போடுவது.
சந்தேகிக்கும் நபர்?
"எங்க கிளாஸ்ல நாப்பத்திரண்டு பேருக்கா."
ஆதாரத்தை இணைக்கவும், ஐந்து எம்பிக்கு மிகாமல்.

"இன்னாக்கா, மறுபடியும் நாமளே ஏத்தணுமா?"

குடையைச் சாய்த்தேன்.
அப்பாவை டீ வாங்கி வரச் சொன்னேன்.
அவர் போகவில்லை.
முதுகைக் காட்டி நின்று
நெடுஞ்சாலையில் பெங்களூர் போகும் லாரிகளை
ஒவ்வொன்றாக எண்ணுகிறவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.
திரைமேல் முந்தானையைப் போட்டு
அதற்குள் கையைவிட்டு
பார்க்காமலே ஏற்றினேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
அளவு அதிகம் என்று திருப்பியது.
சுருக்க வேண்டுமானால் திறக்க வேண்டும்.

திறந்தேன், ஐயா.

அவள் என் திரையைப் பார்க்கவில்லை.
என் கண்ணைப் பார்த்தாள்.

சட்ட மொழி எனக்கு வராது.
இருபத்தேழாம் பக்கத்தில்
'பயனர் ஆதாரத்தைப் பதிவேற்றுவார்' என்ற வரியை
அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து
ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.
பிறகு அந்த வரி எப்படி இருக்க வேண்டும் என்று
உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு.

*

கருத்துப் பெட்டிக்கு ஐந்நூறு எழுத்துதான் எல்லை.
கொள்கை என்றால் எனக்கு மூன்று எழுத்து,
அது ஆறு என்கிறது.
ஏகாம்பரத்தை எடுத்தேன்.
மகனை எடுத்தேன்.
குடையை, பசையை, 'ஐயா'வை எடுத்தேன்.
இன்னும் சிவப்பு.
பேரணாம்பட்டை எடுத்ததும் உள்ளே போனது.

அனுப்பு என்பதை அழுத்தினேன்.
நான் எந்திரம் இல்லை என்று காட்டச் சொன்னது.
ஒன்பது கட்டம்.
லாரி இருப்பவற்றைத் தொடு என்றது.

தலை நிமிராமல்
ஒவ்வொன்றாகத் தொட்டேன்.