சேமிக்க வேண்டாம்

நோர்வூட் சந்தியில் என் கடை.
போட்டோகொப்பி, ரீலோட், அடையாள அட்டைப் படம்.
மழை மாதங்களில்
நனைந்த மெமரி கார்டுகளும் வரும்.

பொலித்தீன் முடிச்சை அவிழ்த்து
யோகமலர் தந்தது நகத்தளவு கறுப்பு.
மேல் டிவிசன் தராசை
முள் நின்ற இடத்தோடு பிடித்திருந்தாளாம்.
முள்ளில் இருபத்தொன்று. துண்டில் பதினாறு.
"தண்ணிக்குக் கழிச்சேன், சாக்குக்குக் கழிச்சேங்கிறாரு
கணக்கப்பிள்ள.
அன்னைக்கு மழையே இல்ல தம்பி."

படம் திறக்கவில்லை.
மூன்று செயலிகள் கைவிரித்த பிறகு
நோட்பேடில் இழுத்துப் போட்டேன்.
அது ஒரு பிறவி,
கூடைக் கொழுந்தைக் கவிழ்த்தாலும்
அரிச்சுவடி என்று உச்சரிக்கத் தொடங்கும்.

திரை முழுக்கக் கோணல்.
கொம்பு முளைத்த எழுத்துகள்,
தலைகீழ்க் கேள்விக்குறி,
பெட்டி, பெட்டி, பெட்டி.
"இது என்னா பாஷ?"
"பாஷயில்லக்கா. வெளிச்சத்தோட கணக்கு.
இதுக்கு வாசிக்கத் தெரியல."

எனக்கும் தெரியாமல் இருந்த காலத்தில்
பொகவந்தலாவைக் கல்யாணப் படமொன்றை
இப்படித்தான் திறந்தேன்.
குப்பையென்று நாலே நாலு எழுத்தைக் கழித்து
சேமி என்று அமுக்கினேன்.
மாப்பிள்ளை, பொண்ணு, குத்துவிளக்கு,
ஓரத்தில் ஐஸ்கிரீம் நக்கிய பையன்
எல்லோரும் போனார்கள்.
பொண்ணின் அண்ணன் தியாகசீலன்
இன்னும் என் கடைப்பக்கம் வருவதில்லை.

இந்த முறை விசைப்பலகையைத் தள்ளி வைத்து
எலியால் மட்டும் உருட்டினேன்.
மேலே, மூன்றாவது வரியில்,
சேற்றில் கிடந்த சில்லறை மாதிரி
போன் கம்பெனியின் பெயர்.
கொஞ்சம் தள்ளி ஒரு திகதி.
பதினாறு மணி, நாற்பத்திரண்டு நிமிடம், ஏழு செக்கன்.

"தராசு தெரியாதுக்கா. இனியும் தெரியாது.
எடுத்த நேரம் மட்டும் இருக்கு."

அவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள்.
"நாலு மணிக்கே நிறுவை முடிஞ்சிருச்சுன்னு
யூனியன்ல எழுதிக் குடுத்திருக்காரு.
நேரம் போதும் தம்பி.
எடை எனக்கு மனப்பாடம்."

அந்தப் பக்கத்தை அப்படியே அச்சிட்டேன்,
கோணல்களோடு, ஒன்றையும் துடைக்காமல்.
மூடப் போனால்
எங்கோ என் விரல் பட்டிருக்கிறது:
மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்கிறது.
வேண்டாம் என்றேன், வாய்விட்டு.

கார்டு போன முடிச்சுக்குள்ளேயே
தாளும் போயிற்று.
மஸ்கெலியா பஸ் ஹோர்ன் அடித்தது.
இருபது ரூபாயை மேசையில் வைத்தாள், எல்லாம் குற்றிகள்.
ஓடாமல் நின்று சொன்னாள்:
"எண்ணிப் பாருங்க."