லேபிள் இல்லாத புட்டி

ஜெனோவாவில் கப்பலேறும் முன்
ரெஜினால்ட் வாங்கியது.
வெள்ளம் வந்த டிசம்பரில்
கட்டிலடியில் மூன்று நாள் மூழ்கிக் கிடந்து
லேபிள் கரைந்துபோயிற்று.
உடைந்த கார்க்கில் மிச்சம்: பரோலோ,
ஆண்டு பாதி.

டீ வடிகட்டி வழியே ஊற்றினான்.
கண்ணாடித் தம்ளரில் செங்கல் நிறம்.
முதல் மடக்கில்
பூட்டிக் கிடந்த வீட்டின் காற்று.
"போயிடுச்சு" என்றேன்.

கரண்டும் போனது வேளச்சேரியில்.
பால்கனியில் கொசு அடித்தபடி
மெட்ரோ வாட்டர் லாரியைத் திட்டினோம்
ஒரு மணி நேரம்.

இருட்டில் தடவி எடுத்த தம்ளரில்
வாடிய பன்னீர் ரோஜா, புகையிலைக் காம்பு,
அப்புறம் ஈறெல்லாம் ஏறி
நாவல்கொட்டையைக் கடித்த துவர்ப்பு.
விழுங்கியும் போகவில்லை.

அதற்கு இத்தாலியில் என்ன பெயரென்று
சொல்ல வாய் திறந்தான் ரெஜினால்ட்.
கொஞ்சம் சும்மா இரு, என்றாள் சுகிர்தா,
இன்னும் வந்துகொண்டிருக்கிறது.