நூற்று அறுபத்திரண்டு

கோயில்வெண்ணியில் காற்று செத்துப்போன ஒரு வைகாசி இரவு.
ரிமோட்டை அமுக்கினேன். அமுக்கினேன்.
சுவரில் அந்த வெள்ளைப் பெட்டி
மறுவீட்டு மாப்பிள்ளைபோல் வாயே திறக்கவில்லை.

சம்பா நெல்லுக்கான பணம்
கணக்கில் ஏறிய மறுநாள் வாங்கியது.
உரக்கடை பாக்கி என்று அறிவழகன் முணுமுணுத்ததையும்
சேர்த்துத்தான் ஆணியடித்து மாட்டினோம்.

மன்னார்குடி மெக்கானிக் ரெமிஜியுஸ் போனில் சொன்னான்:
"மொதல்ல செல்ல மாத்துங்கக்கா."
கடை சாத்தியாச்சு.
டி.வி. ரிமோட்டின் முதுகைத் திறந்து இரண்டையும் பிடுங்கினேன்.
அதனால் டி.வி. செய்தியிலேயே நின்றுவிட்டது.
மேட்டூர் நீர்மட்டம் எழுபத்தோரு அடி,
மேட்டூர் நீர்மட்டம் எழுபத்தோரு அடி,
அடியில் ஊர்ந்துகொண்டே இருந்தது.

"ரிமோட்டோட மூக்க போன் கேமராவுல காட்டுங்க.
ஊதா வெளிச்சம் மினுக்குதா?"
மினுக்கியது.
வெறும் கண்ணுக்குத் தெரியாமல்
இத்தனை நாள் இது கத்திக்கொண்டு இருந்திருக்கிறது.

"சரி, ரிமோட் நல்லாருக்கு. ட்ரிப்பர்?"
ஸ்டூல் போட்டு ஏறினேன். மேலேதான் நின்றது.
இருந்தாலும் ஒருமுறை கீழே தள்ளி மேலே தூக்கினேன்,
ஏதாவது செய்தோம் என்று இருக்கட்டுமே.

"நீயே வந்து பாத்துடேன்டா."
"நீடாமங்கலம் கேட்டுல நிக்கிறேன்க்கா.
முக்கா மணி நேரமாச்சு.
நெல்லு ஏத்துற சரக்கு வண்டி,
முன்னாடி போவுது, பின்னாடி வருது.
என் பைக்குக்கு முன்னால ஒரு கல்யாண வேனே தூங்குது.
ஸ்டெபிலைசர்ல என்ன நம்பர் காட்டுது?"

பீரோவுக்கு மேலே, தூசிக்குள்ளே,
சிவப்பாக: நூற்று அறுபத்திரண்டு.

அவன் சிரித்தான்.
"மிஷினுக்கு ஒண்ணுமில்லக்கா.
நூத்தி எழுவதுக்குக் கீழ போனா அது கரண்ட்ட உள்ள விடாது.
ஊர்ல மோட்டார் ஓடுது."

மொட்டை மாடிக்குப் போனேன்.
இருட்டில் வயல் தெரியவில்லை, சத்தம் தெரிந்தது.
மும்முனை மின்சாரம் விட்ட இரண்டு மணி நேரத்துக்கு
ஊரே குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.
அய்யனார் திடலுக்குப் பக்கம் ஒன்று.
வாய்க்கால் மதகோரம் இரண்டு, அண்ணன் தம்பி,
பேச்சுவார்த்தை இல்லை, மோட்டார் மட்டும் ஒரே சுருதி.
கிழக்கே இன்னொன்று:
ஓடும், ஓடும், நடுவில் ஒருமுறை இருமும்.

அந்த இருமல் எனக்குத் தெரியும்.
பேரிங் மாற்ற வைத்திருந்த மூவாயிரம்
ஏ.சி.யின் முன்பணத்தில் போனது.

அறிவழகனுக்கு அடித்தேன்.
"அரை மணி நேரம் நிறுத்தேன், ரூம் குளுந்துடும்."
"என்ன?"
"மோட்டார!"
"நாத்தங்கால் பாளம் பாளமா வெடிச்சிருக்கு.
கால் வச்சா விரல் உள்ள போவுது."
அதற்குமேல் அவன் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை.
தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை
என் காதை வந்து நனைத்தது.
நானும் வைக்கவில்லை.

பத்து மணிக்கு
ஒவ்வொன்றாய் அடங்கின.
எங்களுடையது கடைசியாக இருமிவிட்டு நின்றது.
கீழே ஓடி வந்தேன்.
நூற்று எழுபத்தெட்டு. நூற்றுத் தொண்ணூறு. இருநூற்றுப் பதினொன்று.
மூன்று நிமிடம் யோசித்து, டக்கென்று
பச்சைக்கு மாறியது.
பெட்டி மெல்ல உதட்டைத் தூக்கியது.

ரெமிஜியுஸ் கூப்பிட்டான்.
"கேட்டு தெறந்தாச்சுக்கா, வரவா?"
"வேணாம். வீட்டுக்குப் போ."
"என்ன பண்ணீங்க?"
"ஒண்ணும் பண்ணல. தண்ணி பாஞ்சு முடிஞ்சுது."

பதினொன்றுக்கு வந்து படுத்தான்.
கால் கழுவியும் நகக்கண்ணில் சேறு.
ஐந்தே நிமிடம்,
என் பக்கத்துப் போர்வையையும் இழுத்துக்கொண்டு
தூக்கத்தில் உளறுகிறான்:
"குளுருது. கொறச்சு வையி."

இருட்டில் தலைமாட்டைத் தடவினேன்.
வயிறு காலியான டி.வி. ரிமோட்தான்
கையில் வந்தது.