ஆறு மாத மௌனம்

மார்ச் மாதம். பாதி மழை, பாதி பனி.
பதின்மூன்று கைகள் உயர்ந்தன.
பன்னிரண்டு பேர் கை மடியிலேயே கிடந்தது.
எங்கள் நாடாளுமன்றத்தில் மொத்தமே இருபத்தைந்து பேர்;
ஒரே பேருந்தில் ஏற்றினால்
யாரும் நின்றுகொண்டு வர வேண்டியதில்லை.

சட்டமும் பெரிதில்லை, மூன்று பக்கம்:
இரவு பத்து மணிக்குமேல்
வீடுகளை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில்
மாட்டுக் கழுத்தில் மணி கூடாது.

கொண்டுவந்தவர் பல் டாக்டர் ஓஸ்பெல்ட்.
எதிர்த்தவர்
மேலே மலைச்சரிவில் பதினெட்டுப் பசு வைத்திருக்கும்
எங்கெல்பெர்ட் ஷேட்லர்.
இங்கே அரசியல் சாயங்கால வேலை.
மறுநாள் காலை எட்டரைக்கு
தோற்றவர் ஜெயித்தவரின் நாற்காலியில்
வாய் பிளந்து படுத்திருந்தார், கடைவாய்ப் பல்லில் ஓட்டை.
"வலித்தால் கையைத் தூக்குங்கள்."
"நேற்றே தூக்காதவன்
இன்றைக்கா தூக்கப் போகிறேன்?"

அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் மலையேறினேன்.
வால்புர்கா ஃப்ரிக், கோப்பு சுமப்பவள்.
வடூஸின் கூரைகள் கீழே சின்னதாகும்,
ரைன் ஒரு சாம்பல் கோடாகும்,
நாலாவது வளைவில் வண்டி மூச்சுவாங்கும்.
கோட்டை வாசலில் ஒருவர் வாங்கிக்கொண்டு
ரசீதில் முத்திரை குத்துவார்.
அவ்வளவுதான் என் ஆட்சி.

எங்களுக்கு ராஜா கிடையாது, இளவரசர்தான்;
தலை நரைத்தாலும் இளவரசர்.
அவர் கையெழுத்து, அதன்கீழ் பிரதமர் கையெழுத்து.
ஒன்று குறைந்தாலும் அது வெறும் காகிதம்.
வேண்டாம் என்று அவர் எழுதக்கூடத் தேவையில்லை.
ஆறு மாதம் சும்மா இருந்தால் போதும்,
சட்டம் தானாகச் செத்துப்போகும்.

மௌனம் சம்மதம் என்பதெல்லாம்
இந்த மலைக்குக் கீழே.

ஏப்ரல் போனது. மே.
பசுக்கள் மேட்டுப் புல்வெளிக்கு ஏறின, மணியோடு.
அமைதி வேண்டும் என்று கேட்ட காகிதத்துக்கு
அமைதியே பதிலாக வந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் பதினைந்து, நாட்டின் திருநாள்.
கோட்டைத் தோட்டத்தில் எல்லோருக்கும் பீர்.
யார் வேண்டுமானாலும் போகலாம்,
யாரோடு வேண்டுமானாலும் பேசலாம்.
நானும் போனேன், புதுச் செருப்பு கடித்தது.
அந்த மூன்று பக்கம் எந்த மேசையில் இருக்கிறது
என்று கேட்க வாயெடுத்தேன்,
நுரையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.
என் மௌனம் எதில் சேர்த்தி?
சம்மதத்திலா, மறுப்பிலா?

எனக்குப் பதினெட்டு வயதில்
பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று
ஆண்கள் ஓட்டுப் போட்டார்கள்.
வேண்டாம் என்றார்கள், இரண்டாம் தடவையாக.
அப்பா எந்தப் பக்கம் போட்டார் என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பதினோரு வருடம் கழித்து
நூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில்
சரி என்றது நாடு.
அன்று அப்பா
சூப்பில் உப்பு கூடிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

செப்டம்பரில் கெடு முடிந்த காலை
தொலைபேசி அடிக்கவில்லை.
பதிவேட்டில் அந்த வரிக்கு நேரே ஒரு கோடு போட்டேன்.
கோடு நேராக வரவில்லை.

இப்போது டாக்டரின் வரவேற்பு மேசையில்
ஒரு படிவம் கிடக்கிறது.
ஆயிரம் கையெழுத்து சேர்ந்தால்
மணி விவகாரம் மக்கள் ஓட்டுக்குப் போகும்.
ஊசி போட்டுக்கொண்டு, பாதி உதடு தொங்க வெளியே வருபவர்கள்
பேச முடியாமல் குனிந்து கையெழுத்திடுகிறார்கள்.
மரத்துப்போனது வாய் மட்டும்தானே.

அறுநூற்று நாற்பதாவதாக ஷேட்லர் போட்டிருக்கிறார்.
மணி கூடாது என்பதற்காக இல்லையாம்.
"ஊரே ஓட்டுப் போட்டு என்னைத் தோற்கடிக்கட்டும்.
மேலே ஒருவர் சும்மா இருந்ததால் ஜெயித்தேன் என்றால்
மாடுகூடச் சிரிக்கும்."

மக்கள் சரி என்றாலும்
அந்தக் காகிதமும் கையெழுத்துக்கு மேலே போயாக வேண்டும்.
நாலாவது வளைவுக்கு முன்னால்
வண்டியின் பிரேக்கைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.