ஐம்பத்தாறு டிகிரி

சமாதானபுரத்தில் எங்கள் லேப்
தெருவைவிட மூன்று படி கீழே.
அந்த மூன்று படிக்குள்
மைமூன் பீவி இரண்டு தடவை நின்றாள்.
கையில் டாக்டர் இசக்கியப்பன் சீட்டு:
மஞ்சக்காமாலை, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
ஒரு மாசமாகக் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறாளாம்.
"கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு நர்ஸம்மா.
இடுப்புதான் யாரோட இடுப்போ மாரி இருக்கு."

நான் நர்ஸ் இல்லை. சொல்லவில்லை.
நரம்பு தேடும்போது விரல்களைப் பார்த்தேன்.
கத்தரி தழும்பிட்ட கட்டைவிரல்,
நகத்திடுக்கில் புகையிலைத் தூள்.
மேலப்பாளையம்.
பத்து வயசில் மடியேறிய சொளவு
இன்னும் இறங்கவில்லை.
ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி,
காற்றடித்தால் தூள் பறக்கும் என்று
ஜன்னல் சாத்திய அறை.

சுழற்றி எடுத்தேன்.
சிவப்பு அடியில் உறங்க
மேலே வைக்கோல் நிறம்.
பிலிருபின் பாயின்ட் ஆறு,
எஸ்ஜிபிடி இருபத்து நான்கு,
ஈரல் கணக்கில் ஒரு குறையும் இல்லை.
ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மட்டும்
அறுநூற்றுப் பன்னிரண்டு.

திரும்ப ஓட்டினேன்.
அறுநூற்று ஒன்பது.

மெஷின் பொய் சொல்லவில்லை,
முழுசாகவும் சொல்லவில்லை.
இந்த நொதியை ஈரலும் விடும், எலும்பும் விடும்.
ரத்தத்தில் கலந்தபின்
எந்த வீட்டுப் பிள்ளை நீ என்று கேட்டால்
முழிக்கும்.
போன வாரம் வீ.கே.புரத்துப் பையன் ஒருத்தன்,
பதினாலு வயசு, நானூற்று எண்பது.
அப்பா வேர்த்துப்போய் நின்றார்.
"ஒண்ணுமில்ல சார், வளருதான்" என்றேன்.
கணுக்காலைவிட்டு ஏறியிருந்தது
அவன் பேண்ட்.

மைமூனுக்கு நாற்பத்தொன்று.

பிரித்துச் சொல்லும் ஜிஜிடி பாட்டில் காலி.
மதுரையிலிருந்து திங்கள்கிழமை வரும்.
டாக்டரோ இன்றைக்கே கேட்கிறார்.
படிக்கிற காலத்தில் ஒரு பழைய வழி சொல்லித்தந்தார்கள்,
இப்போது யாரும் செய்வதில்லை:
சீரத்தைச் சுடவைப்பது.
ஐம்பத்தாறு டிகிரி, பத்து நிமிஷம்.
ஈரலுடையது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.
எலும்புடையது செத்துப்போகும்.

வாட்டர்பாத் தூசி தட்டி
குழாயை இறக்கிவிட்டு
கரண்ட் போய்விடக் கூடாதே என்று
தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெஞ்சில் அவள்.
கொடுத்த டோக்கனை அவள் விரல்கள்
அவளைக் கேட்காமலே சுருட்டின,
நுனியை மடக்கின,
நூல் தேடி
மடியைத் தடவி நின்றன.

பத்து நிமிஷம்.
தொண்ணூற்றாறு.

அறுநூற்றில் மிச்சம் அவ்வளவுதான்.
எலும்பு.

மேலே தெருவில் தார் இளகுகிறது.
தாமிரபரணி மணலில் செருப்பில்லாமல் நிற்க முடியாது.
இத்தனை வெயில் கொட்டுகிற ஊரில்
அதில் ஒரு கை அளவு எட்டாமல்
கரைந்திருக்கலாம் இந்த எலும்பு.
அப்படித்தான் தோன்றியது.
தோன்றியதை எழுத ரிப்போர்ட்டில் கட்டம் இல்லை.
எண் எழுதலாம், யூனிட் எழுதலாம்,
சூடாக்கும் முன், சூடாக்கிய பின் என்று எழுதலாம்.
வைட்டமின் டி பார்க்கச் சொல்வதா வேண்டாமா,
அது டாக்டர் பாடு.
கையெழுத்துப் போடும்போது
டியூப்லைட் இரண்டு தடவை கண் சிமிட்டியது.
என் நாற்காலிக்கும்
பதினோரு வருஷமாக அதுதான் சூரியன்.

"கீழாநெல்லிய நிப்பாட்டலாமா?"
"டாக்டர்ட்ட கேளுங்க. ஆனா ஈரல் நல்லாருக்கு."
முதல்முறையாகச் சிரித்தாள்.
"என்னா கசப்பு யா அல்லா,
ஒரு மாசம் சும்மாவா குடிச்சேன்."
ரிப்போர்ட்டை நாலாய் மடித்து
பீடிக் கம்பெனி பாஸ்புக்குக்குள் வைத்தாள்.
ஏறுவதற்கு அதே மூன்று படி.
இந்தத் தடவை கை கொடுத்தேன்.

குலவணிகர்புரம் கேட் இந்நேரம் போட்டிருப்பார்கள்.
அந்த கேட்டைத் திட்டாத நாளில்லை எனக்கு.
இன்றைக்கு
நாகர்கோவில் பாசஞ்சர் கால்மணி நேரம்
லேட்டாகவே வரட்டும்.
ஷேர் ஆட்டோவில் ஓரத்து சீட் கிடைத்திருந்தால்
பஞ்சு ஒட்டிய அந்தக் கை
கம்பிக்கு வெளியேதான் இருக்கும்.