நிகர எடை

லாபிஸ் செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்
பத்தொன்பது வருஷமாக நான்தான் கிராணி.
குலை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஓர் எண்,
கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஓர் எண்.
கழித்தால் வருவதற்குத்தான் காசு.
மிச்சமெல்லாம் இரும்பு, சேறு, டிரைவரின் தொப்பை.

பாட்டுக்காரர்களையும் இதே பாலத்தில்தான் ஏற்றுகிறேன்.
வேறு தராசு எனக்குப் பழக்கமில்லை.

லெட் ஸெப்பலின் உள்ளே நுழைந்தால்
என் கண்ணாடிச் சன்னல் அதிரும்.
முடி, புகை, முடிவே இல்லாத கிட்டார்,
எல்லாவற்றையும் இறக்கிய பிறகு
பாலத்தில் நிற்பது அந்த டிரம்ஸ்காரர் ஒருத்தர்தான்.
பத்து டன். சரி, முத்திரை குத்தித் தருகிறேன்.

பீட்டில்ஸின் டிரம்மரைக் கேலி செய்கிறவர்கள்
பாரம் ஏற்றிய லோரியை இறக்கத்தில் ஓட்டியதில்லை.
பிரேக்கை எப்போது மிதிக்கக் கூடாது
என்று தெரிவதும் ஒரு வேலைதான்.

ஸ்டோன்ஸ், பெர்மிட் முடிந்த லோரி.
இன்னும் ஓடுகிறது.
ரோட்டில் நிற்கும் போலீஸ்காரரே வழிவிட்டு ரசிக்கிறார்.

குவீன் வந்த எடையிலேயே திரும்பிப் போகும்.
எதையும் இறக்க முடியாது.
அங்கே ஜிகினாவே சரக்கு.

ஈகிள்ஸைப் பற்றிக் கேட்காதீர்கள்.
இந்த ஊரில் கிட்டார் வாங்கிய ஒவ்வொருவனும்
முதலில் கொலை செய்வது அவர்களுடைய அந்த ஒரே பாட்டைத்தான்.
அவர்கள்மேல் குற்றமில்லை.
மன்னிக்கவும் முடியவில்லை.

ஆபாவைக் கேட்பதாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை.
கல்யாண மண்டபத்தின் பின்பக்கம்
இரண்டாவது பாட்டில் திறந்த பிறகு
எல்லோருக்கும் எல்லா வரியும் தெரிகிறது.
பளபளவென்று உடுத்திக்கொண்டு
பிரிவைத் துள்ளலாகப் பாடுவது லேசில்லை.
மூவார் கோர்ட்டில் நானும்
நல்ல சேலை கட்டிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

பிங்க் ஃபிளாய்ட், ஈரக் குலை.
மழையில் நனைந்தால் எடை கூடும், எண்ணெய் கூடாது.
இதைச் சொன்னதற்காக லோரிக்கார நேசமணி
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
நாலாம் நாள் ரசீது வேண்டியிருந்தது, பேசினான்.

இன்னொரு குழு உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.
பதினாறு வயதில், பாசார் மாலாமில், நாலு வெள்ளிக் கேசட்.
உறையில் பெயரே எழுத்துப் பிழை.
அறுபது நிமிஷ நாடாவில்
அறுபத்தைந்து நிமிஷத்தைத் திணித்த திருட்டுப் பதிவு.
இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில்
பாடகர் மூச்சை இழுப்பார்.
டக்.
அவ்வளவுதான்.
இழுத்த மூச்சைப் பாடாமல் வைத்துக்கொள்ள
எத்தனை தைரியம் வேண்டும் என்று
இருபத்தேழு வருஷம் வியந்திருந்தேன்.
போன மாதம் புது இன்ஜினியர் ஹஃபிசுடின்
கைப்பேசியில் முழுசாகப் போட்டுக் காட்டினான்.
மூச்சுக்கு அப்புறம் இன்னும் ஒரு நிமிஷம் பத்து விநாடி:
வயலின்கள், பிள்ளைகளின் கோரஸ்,
போதாதென்று ஒரு மணி.
அந்த டக்கை வைத்தவர்
எந்தச் சந்துக்கடையில் இருந்தாரோ,
குழுவில் இல்லாத ஐந்தாவது ஆள் அவர்தான்.

நேற்று ராத்திரி ஷிப்ட்.
குலையைக் கொட்டிவிட்டு நேசமணி பாலத்தில் ஏறினான்.
சன்னலைத் திறந்துபோட்டு,
வேண்டுமென்றே, எனக்குக் கேட்கிற மாதிரி, ஃபிளாய்ட்.
திரையில் 7,840.
7,860.
மறுபடி 7,840.
எண் நிற்கவில்லை, ரசீது அடிக்க முடியவில்லை.
“காலைத் தட்டாதே” என்று மைக்கில் கத்தினேன்.
“தட்டலையே” என்று இரண்டு காலையும்
டேஷ்போர்டில் தூக்கி வைத்துக் காட்டினான்.
7,860.
காற்றில்லை. மழையில்லை.
பாலத்துக்குக் கீழே எலிகூட இல்லை.

பாட்டை நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.
பின்னால் இரண்டு லோரி ஹாரன் அடித்தது.
முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பிங்க் ஃபிளாய்ட்: இருபது கிலோ.
திருத்திக்கொள்கிறேன்.