உங்கள் மாவட்டம்

அணையில் மதகு தூக்கிய சேதி
தண்டோராவில் வரவில்லை.
நாளிதழின் இணையப் பக்கத்தில் வந்தது,
விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு.
சேதிக்குக் கீழே ஒரு வரைபடம்:
உங்கள் பகுதியில் வெள்ளமா? குறியிடுங்கள்.

குறியிட்டேன்.
சிவப்புப் புள்ளி ஆற்று நடுவில் போய் விழுந்தது.
என் கட்டைவிரல் பருமன்,
அவர்கள் வரைந்த எங்கள் தெரு நூலிழை.
இழுத்துக் கரையேற்றினேன். மறுபடி ஆறு.
மூன்றாம் முறை விட்டுவிட்டேன்.
அதற்குள் அது பொய்யும் இல்லை.

தறிக்கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர்.
பாவு நனையக் கூடாதென்று
பீமைத் தூக்கி மேசைமேல் வைத்த கன்னியப்பன்
தானும் ஏறி உட்கார்ந்து
பீடிக்குத் தீப்பெட்டி கேட்டான்.
யாரிடம் இருந்தது காய்ந்த தீப்பெட்டி.

வரைபடத்துக்குக் கீழே கேள்வி:
தரைப்பாலத்தை உயர்த்திக் கட்ட வேண்டுமா?
ஆம்.
இல்லை.
கருத்து இல்லை.

ஆம் என்பதைத் தொட்டேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
பள்ளிப்பட்டு டவர் படுத்துக்கொண்டது.
மழையென்றால் அப்படித்தான்.
அப்புறம் நகரியிலிருந்து சிக்னல் வரும்
ஆற்றைப் போலவே,
எங்களைக் கேட்டுக்கொண்டு வராது.

வட்டம் நின்றதும் நன்றி சொன்னது பக்கம்,
தெலுங்கில்.
அந்த நாளிதழுக்கு அந்தப் பக்கமும் ஒரு பதிப்பு உண்டு.
உச்சியில் சின்ன எழுத்தில் என்னவோ.
தெலுங்கு எனக்குப் பேச வரும், படிக்க வராது.
கன்னியப்பன் பெண்சாதி நாகபூஷணி
புத்தூரில் எட்டாவது வரை போனவள்,
போனை வாங்கி எழுத்துக்கூட்டினாள்:
உங்கள் மாவட்டம், சித்தூர்.

அதன் கீழே அவர்கள் கேள்வி.
அணையைக் காக்க
நள்ளிரவில் மதகைத் திறந்தது சரிதானா?
அவுனு, எழுபத்தோரு சதவீதம்.

"அதுல ஒண்ணு நீ" என்றாள்.
பீம் அதிர அதிரச் சிரித்தான் கன்னியப்பன்.
என் வீட்டுக்குள் தண்ணீர் விட
நானே ஒரு கை கொடுத்திருக்கிறேன்.
திருத்த வழி தேடினோம்.
ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள் என்றது.

எதிர்வீட்டு தேசம்மாள்
ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு
தண்ணீரைத் துழாவி வந்தாள்.
"பேப்பர்ல சொன்னியா? என்னான்னான்?"
"நன்றின்னான்."
"அவ்ளோதானா?"
அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பாலத்தில் சேறு காய்ந்து
பால் வண்டி வந்தது, தமிழ்ச் சிக்னலும் வந்தது.
எங்கள் கேள்வி முடிந்திருந்தது.
ஆம், அறுநூற்றுப் பத்து பேர்.
துபாயிலிருந்தும் போட்டிருப்பார்கள், போடட்டும்.
இல்லை, முப்பத்து நாலு.
ஒப்பந்தக்காரரின் சொந்தபந்தம்
அந்தக் கணக்குக்குச் சரியாக வரும்.

கருத்து இல்லை, இரண்டு பேர்.

தூக்கமில்லாமல் யோசிக்கிறேன் அந்த இருவரை.
பக்கத்தைத் திறந்து,
பாலம் என்று படித்து,
விரலை நீட்டி,
அதைத் தொட்டவர்களை.
ஒருநாள் பார்க்க வேண்டும்.
பாலத்தின் நடுவில்,
தண்ணீர் இடுப்புக்கு வந்தபிறகு.